கோதுமை சேராத பாண்: வீட்டு அடுப்புக்கு ஏற்ற வியாபாரம்

கோதுமை மா இல்லாமல் பாண் சுட முடியுமா என்று கேட்டால் நமது பேக்கரிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அத்தகைய பாணைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். டிக்கோயாவில் கடை வைத்திருக்கும் என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய பழைய துரைமார் பங்களாக்கள் பல இன்று சுற்றுலா விடுதிகளாக மாறியுள்ளன. "நானா, வந்திருக்கிற வெள்ளைக்காரர் கோதுமை சாப்பிட மாட்டாராம். வேறு பாண் ஏதும் இருக்கிறதா?" என்று அங்குள்ள சமையல்காரர்கள் கேட்பதுண்டு. இதில் ஒரு சிறு தொழிலுக்கு இடமிருக்கிறது.

ஏன் கோதுமை ஆகாது?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் எனும் புரதம் உண்டு. சீலியாக் என்ற நோயுள்ளவர்களுக்கு இது சிறுகுடலின் உட்சுவரைப் பழுதாக்குகிறது. உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்தில் பாணுக்குப் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது இந்நோயுள்ள பிள்ளைகள் தேறியதைக் கவனித்த வைத்தியர் வில்லெம் டிக்கே, கோதுமையே காரணம் என்பதை 1950இல் தமது ஆய்வில் விளக்கினார். இன்றும் இதற்குக் குளூட்டனை முற்றாக ஒதுக்குவதே சிகிச்சை.

மென்மை எப்படி வரும்?

கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் இறப்பர் போல இழுபட்டு, ஈஸ்ட் உண்டாக்கும் காற்றைப் பிடித்து வைக்கிறது. அரிசி மாவுக்கு அந்தக் குணம் இல்லை. எனவே வெறும் அரிசி மாப் பாண் கல்லாகிவிடும். இதற்குத் துணை நிற்பது மலச்சிக்கலுக்காக மருந்துக் கடைகளில் விற்கும் இசப்கோல் உமி. அது நீரில் ஊறிக் கூழாகி, காற்றைப் பிடித்துக்கொள்கிறது.

ஒரு பாணுக்கு: வறுக்காத பச்சையரிசி மா 200 கிராம், கோன்பிளவர் 150 கிராம், குரக்கன் மா 50 கிராம், இசப்கோல் 20 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், சீனி 15 கிராம், உப்பு 7 கிராம், முட்டை 2, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் 380 மில்லிலீற்றர்.

இசப்கோலை நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, மற்றவற்றைச் சேர்த்து நன்றாக அடிக்க வேண்டும். உருட்டும் பதம் வராது. தடித்த கேக் கலவை போல இருப்பதே சரி. எண்ணெய் தடவிய தகரத்தில் ஊற்றி ஒரே தடவை பொங்க விட்டால் போதும். மலையகக் குளிரில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்படாமல் அடுப்படியில் வையுங்கள். கலவை தகரத்தின் விளிம்பை எட்டும் முன் 200 பாகை செல்சியஸ் சூட்டில் 50 முதல் 60 நிமிடம் வரை சுட வேண்டும். நன்றாக ஆறிய பின்னரே வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

வீட்டுக்கே வாய்ப்பு அதிகம்

சாதாரண பேக்கரியின் காற்றிலேயே கோதுமை மா பறக்கிறது. மேசை, அரிதட்டு, தகரம் எல்லாவற்றிலும் அது படிந்திருக்கும். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ், "குளூட்டன் அற்றது" என்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது. பெரிய பேக்கரி இதற்குத் தனிக் கட்டடமே ஒதுக்க நேரிடலாம். ஒரு சிறு சமையலறையைக் கோதுமையே நுழையாமல் வைத்திருப்பது அதைவிட எளிது. முதலாளி தோற்கும் இடத்தில் குடிசைத் தொழிலாளி வெல்லக்கூடிய அபூர்வமான வியாபாரம் இது.

ஆனால் தோட்டப் பகுதி வீடுகளில் கோதுமை மா ரொட்டி அன்றாட உணவு. ஆகவே இத்தொழிலுக்கு அடுப்பு, அரிதட்டு, பாத்திரம், துணி அனைத்தும் தனியாக வேண்டும். அரிசியையும் குரக்கனையும் பொது மில்லில் அரைத்தால், முன்பு அரைத்த கோதுமை அதில் கலந்துவிடும். பேக்கிங் பவுடர், பெருங்காயம், சோயா சோஸ் ஆகியவற்றிலும் கோதுமை இருக்கக்கூடும், லேபலைப் படியுங்கள். கடை அப்பத்தில்கூடக் கோதுமை மா கலப்பதுண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஹலால் விடயத்தில் பாத்திரம் வரை விசாரிப்பவர்கள் நாம். வாங்குபவர் நம் சொல்லை நம்பியே உண்கிறார் என்பது நமக்குப் புதிதல்ல. ஆய்வுகூடப் பரிசோதனை செய்யாமல் "குளூட்டன் அற்றது" என்று அச்சிடாதீர்கள். "கோதுமை சேர்க்கவில்லை" என்று மட்டும் கூறி, அது சீலியாக் நோயாளருக்கு உத்தரவாதம் அல்ல என்பதையும் வாய்திறந்து சொல்லுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் முன்கூட்டியே பெறுங்கள்.

இந்தப் பாண் ஒரு நாளிலேயே காய்ந்துவிடும். ஆகவே ஓடர் பிடித்த பின்னரே சுடுங்கள். மிஞ்சினால் துண்டாக்கி உறைய வையுங்கள். விலை குறிக்கும்போது மா, முட்டை, இசப்கோல், எரிபொருள், உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் கணக்கிடுங்கள். சாதாரண பாண் விலையோடு போட்டியிட வேண்டாம்.

நமது நாட்டில் கோதுமை விளைவதில்லை. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் மா விலை ஏறியபோது பேக்கரிகள் பட்ட பாட்டை நாம் கண்டோம். அரிசியும் குரக்கனும் நம் மண்ணில் விளைபவை. அவற்றைக் கொண்டு தொழில் செய்யப் பழகிய கை, அடுத்த நெருக்கடியில் வெறுங்கையாக நிற்காது.