அறிஞரைத் தேடி வரும் நூலகம்

2003-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பரை வாஷிங்டனுக்கு அழைத்தது. தெற்கு நாடுகளின் பண்பாடுகளுக்கென அங்கே புதிதாக உருவான க்ளூகி ஆய்விருக்கையில் முதலில் அமர்ந்தவர் அவர்தான். அறிவிப்பு வந்ததுமே எதிர்ப்பு கிளம்பியது. அவர் மார்க்சியர், இந்து மரபுக்கு எதிரானவர், அவருக்குச் செலவிடும் பணம் வீண் என்று இணையத்தில் சுற்றிய மனுவில் 2,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். நூலகம் அசைந்து கொடுக்கவில்லை. தாப்பர் போனார், வேலையைத் தொடங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள், பண்டை இந்தியாவில் வரலாற்று உணர்வு. இந்தியர்களிடம் வரலாறு எழுதும் வழக்கமே இருந்ததில்லை என்று காலனிய காலத்திலிருந்து ஓதப்பட்டு வந்த கருத்தை, இதிகாசம், புராணம், கல்வெட்டு, அரச வரலாறுகள் எல்லாவற்றையும் வைத்து அவர் சோதித்தார். அதே பொருளில் அவருடைய பெரிய நூல் 2013-இல்தான் வெளிவந்தது. ஆழமான ஆய்வுக்கு அவ்வளவு காலம் பிடிக்கும். அரசு தந்த பத்மபூஷண் விருதை 1992-இலும் 2005-இலும் மறுத்தவர் அவர். கல்வி நிறுவனங்களும் தன் துறை சார்ந்த அமைப்புகளும் தரும் அங்கீகாரத்தை மட்டும் ஏற்பது அவர் கொள்கை. 2008-இல் அதே நூலகத்தின் 10 லட்சம் டாலர் க்ளூகி பரிசை பீட்டர் பிரவுனுடன் பகிர்ந்துகொண்டார்.

இந்த ஆய்விருக்கைகளை நடத்தும் க்ளூகி மையத்துக்குப் பணம் கொடுத்தவர் ஜான் க்ளூகி. ஜெர்மனியில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்து, ஊடகத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். 2000-இல் அவர் தந்தது 6 கோடி டாலர். ஆராய்ச்சியாளர்களை நூல்களின் நடுவில் உட்கார வைக்க வேண்டும், சட்டம் இயற்றுகிறவர்களோடு அவர்கள் பேசவும் வேண்டும் என்பதே நோக்கம். நாடாளுமன்றக் கட்டடம் எதிரிலேயே இருக்கிறது.

இளம் ஆய்வாளர்கள் விண்ணப்பம் போட்டு இங்கே நுழையலாம். மூத்தவர்களின் கதை வேறு. இன்னாரை அழைக்கலாம் என்று மற்றவர்கள் எடுத்துச் சொல்ல, அறிஞர் குழு ஆலோசனை கூற, நூலகத் தலைவர் நியமிக்கிறார். இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் படித்த ஒருவர் எழுபது வயதில் தன் பெருமையைத் தானே எழுதி விண்ணப்பிக்கத் தேவையில்லை. அவரைப் படித்த இன்னொருவர் அந்தக் கடமையைச் செய்கிறார்.

ஆனால் அந்தப் பரிந்துரைக் கடிதத்தை எழுதுவது எளிதல்ல. வாங்கிய விருதுகளையும் வகித்த பதவிகளையும் அடுக்கினால் அது பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும். இந்த மனிதர் எந்தக் கேள்வியைத் துரத்துகிறார், அதற்கு இந்த நூலகத்தின் எந்தத் தொகுப்பு வேண்டும், இங்கே சில மாதங்கள் இருந்தால் வேறெங்கும் முடியாத எதைச் செய்வார் என்று சொல்லத் தெரிய வேண்டும். பரிந்துரைப்பவரும் ஆழ்ந்து படித்தவராக இருந்தால்தான் அது நடக்கும்.

நூலகமும் பார்வையை வரலாற்றோடு குறுக்கிக்கொள்ளவில்லை. ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கின் பெயரில், நாசாவோடு சேர்ந்து ஓர் இருக்கை வைத்திருக்கிறது. வேற்றுக்கோள்களில் உயிர் உண்டா என்ற தேடல் மனித சமூகத்தை எப்படி மாற்றும் என்று அதில் அமர்பவர் ஆராய்வார்.

தமிழுக்கும் அங்கே இடம் உண்டு. அமெரிக்கா உணவு உதவியாக அனுப்பிய பி.எல். 480 கோதுமையை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கோதுமைக்கு இந்தியா செலுத்திய ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962-இல் இந்த நூலகம் டெல்லியில் அலுவலகம் திறந்து, இந்திய மொழி நூல்களை அமெரிக்க நூலகங்களுக்காக வாங்கத் தொடங்கியது. தமிழ் நாவலும் கவிதையும் ஆய்வு நூல்களும் அப்படித்தான் கப்பலேறின. பொதுமக்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாத அந்த நூல்கள், அங்கே போய் உட்கார்ந்து படிப்பவருக்காகவே காத்திருக்கின்றன.

பதிப்பு வரலாற்றிலோ கல்வெட்டிலோ நாட்டார் வழக்காற்றிலோ ஆழங்கால்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்களுக்காக ஒரு வரி கூட எழுதிக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய நூல்களைப் படித்தவர்கள், அவர்களிடம் பயின்று இன்று பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் அந்தக் கடிதத்தை எழுத வேண்டும். அந்த அறிஞர்களின் உடலில் தெம்பு இருக்கும்போதே எழுத வேண்டும்.