பனித்தளத்தைப் படிக்கும் கண்

பனித்தளத்தில் கல்லை இலக்கை நோக்கி வழுக்கவிடும் கர்லிங் விளையாட்டில் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது 2005இல். ஆறாவதை வென்றது 2018இல். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்று அவரது அணி தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 39. பெண்கள் பிரிவில் அதற்குமுன் எந்த அணியும் தோல்வியே இல்லாமல் ஒலிம்பிக் தங்கம் வென்றதில்லை. முப்பதைத் தாண்டினாலே ஓய்வைப் பற்றிப் பேச்செழும் விளையாட்டுலகில் இந்த நீண்ட ஆட்சி எப்படி வாய்த்தது? கர்லிங்கில் வெற்றியைத் தீர்மானிப்பது உடல் வேகத்தைவிடப் பனித்தளத்தைப் படிக்கும் அறிவு என்பதே என் பதில்.

பார்வைக்கு அந்தத் தளம் வழுவழுப்பானது, உண்மையில் அப்படியல்ல. ஆட்டத்துக்கு முன் அதன்மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறைய வைக்கிறார்கள். அந்தச் சிறு புடைப்புகளின் மேல்தான் 17 முதல் 20 கிலோ வரை எடையுள்ள கருங்கல் வழுக்கிச் செல்கிறது. கல்லின் அடிப்பாகம் குழிவானது. ஒரு மெல்லிய வளையம் மட்டுமே தளத்தைத் தொடும். கையை விட்ட கல் சுமார் 28 மீட்டர் ஓடி இலக்கின் மையத்தை அடைவதற்குள் ஒரு மீட்டருக்கும் மேல் வளைந்துவிடும். கவிழ்த்த டம்ளரை வலப்பக்கமாகச் சுழற்றி மேசைமேல் தள்ளினால் அது இடப்பக்கம் ஒதுங்கும்; கர்லிங் கல்லோ சுழலும் பக்கமே வளைகிறது. காரணம் குறித்து இயற்பியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. போதாக்குறைக்கு, ஆட ஆடப் புடைப்புகள் தேய்கின்றன. முதல் சுற்றில் சரியாக இருந்த கணிப்பு எட்டாவது சுற்றில் பிழையாகிவிடும். ஆகவே அணித்தலைவர் ஒவ்வொரு கல்லின் போக்கையும் மனத்தில் பதித்து, அடுத்த கல்லுக்கான குறியை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் சேரும் அறிவு இது.

ஓடும் கல்லின் முன் பனியைத் துடைப்பத்தால் தேய்க்கும் அணியினரின் உடல்வலிமைதானே கல்லைச் செலுத்துகிறது என்று கேட்கலாம். தேய்த்தால் பனியின் மேற்பரப்பு சற்றே சூடாகி உராய்வு குறையும். கல் கூடுதல் தூரம், கூடுதல் நேராகப் போகும். அது பெரிய உதவிதான். ஆனால் 2015இல் வந்த புதுவகைத் துடைப்பங்கள் கல்லின் பாதையையே திருப்பும் அளவுக்குப் போனபோது எதிர்ப்பு முன்னணி வீரர்களிடமிருந்தே எழுந்தது; அடுத்த ஆண்டே உலகக் கூட்டமைப்பு துடைப்பத் துணிக்குக் கட்டுப்பாடு விதித்தது. எறிபவரின் கணிப்புக்கு மதிப்பில்லாமல் போனால் ஆட்டமே இல்லை என்பதை ஆடுபவர்களே நன்கு உணர்ந்திருந்தார்கள்.

அதிர்ஷ்டம் என்ற வாதமும் உண்டு. 2005 தேசிய இறுதியாட்டத்தில், கடைசிக் கல்லை எறியும்போது ஜோன்ஸ் 4–6 எனப் பின்தங்கியிருந்தார். அவர் எறிந்த கல், இலக்கு வட்டத்துக்கு வெளியே ஓரமாகக் கிடந்த ஒரு கல்லில் பட்டு உள்ளே திரும்பி, எதிரணியின் கல்லை வெளியேற்றியது. நான்கு புள்ளிகள், பட்டம். அந்த ஒரு எறியை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அதன்பின் வந்த ஐந்து தேசியப் பட்டங்களையும் இரண்டு உலகப் பட்டங்களையும் அந்தச் சொல்லால் விளக்க முடியாது. 2024இல், 49 வயதில், அவர் தேசிய இறுதியாட்டம்வரை வந்து ரேச்சல் ஹோமனிடம் தோற்றார். ஹோமன் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.