குழந்தையின் இரவு இருமல்: வீட்டில் செய்யத்தக்கவை

நம் பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில், காலை எட்டு மணிக்கே மேசையின்மீது தலைசாய்த்து உறங்கிவிடும் குழந்தைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மழைக்காலத்தில் இவர்கள் தொகை கூடிவிடும். "ஏன் உறங்குகிறாய்?" என வினவினால், "ராத்திரி முழுக்க இருமல் டீச்சர், தம்பிக்கும் இருமல்" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கிறது.

அந்த வீட்டில் உறங்காதது குழந்தைகள் மட்டுமல்ல. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாயும் உறங்கவில்லை. லயத்து வீடுகளில் சுவருக்கு இப்புறம் இருமினால் அப்புறம் கேட்கும். எனவே மறுநாள் காலை அறிவுரைகளுக்குப் பஞ்சமிராது. ஒரு வீட்டுப் பாட்டி கற்பூரவல்லிச் சாறு என்பார். அடுத்த வீட்டார் கோடாலித் தைலம் என்பார். மூன்றாம் வீட்டார் தம் மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த மருந்துப் புட்டியையே அன்போடு எடுத்து நீட்டுவார். பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கும் இவ்வறிவுரைகள் தொலைபேசியில் வந்து சேர்கின்றன. இவற்றுள் எது நன்று, எது வீண், எது தீங்கு என்பதைப் பகுத்துணர வேண்டியது பெற்றோர் கடமை.

முதலில் இருமல் ஏன் வருகிறது என்பதைக் காண்போம். நம் மூச்சுக்குழலின் உட்புறத்தில் மயிரிழையினும் நுண்ணிய இழைகள் உள்ளன. அவை தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றால் இயலாதபோது உடல் பலமாகக் காற்றை வெளித்தள்ளுகிறது. அதுவே இருமல். ஆக, அது நுரையீரலைக் காக்கும் காவற்காரன். பகலில் குழந்தை ஓடியாடும்போது மூக்குச் சளி வழிந்துவிடும் அல்லது விழுங்கப்பட்டுவிடும். இரவில் படுத்ததும் அது மூக்கின் பின்புறமாகத் தொண்டைக்குள் இறங்கி உறுத்துகிறது. மூக்கு அடைத்திருப்பதால் வாயால் மூச்சுவிட, தொண்டையும் உலர்ந்துபோகிறது. பகலெல்லாம் விளையாடிய குழந்தை படுத்தவுடன் இருமத் தொடங்குவதன் காரணம் இதுதான். நம் முதியோர் சிலர் கூறுவதுபோல் மாலையில் உண்ட வாழைப்பழம் அன்று!

இத்தகைய இருமலில் பெரும்பகுதி சாதாரணச் சளிக்காய்ச்சலால் வருவது. அதற்குக் காரணமான வைரஸ் கிருமிகளை ஆண்டிபயாட்டிக் மருந்துகள் கொல்வதில்லை. காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தணிந்தாலும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீடிப்பது இயல்பே. இதனை அறியாத பெற்றோர் நான்காம் நாளே, "இந்த மருந்து கேட்கவில்லை, வேறு வீரியமான மருந்து கொடுங்கள்" என்று ஒவ்வொரு மருத்துவகமாக ஏறி இறங்குகின்றனர். வீட்டில் நாம் செய்ய வேண்டுவது இருமலை அடியோடு அடக்குவதன்று. குழந்தையும் தாயும் உறங்கும் அளவிற்கு அதைத் தணிப்பதேயாகும்.

நம் பாட்டிமார் கைவைத்தியங்களுள் ஆராய்ச்சியாளர்களும் ஏற்றுக்கொண்ட ஒன்று உண்டென்றால், அது தேன். 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 105 பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. உறங்குமுன் தேன் பெற்ற பிள்ளைகளின் இருமலும் உறக்கமும், ஒன்றுமே பெறாதவர்களைவிட நன்றாகத் தேறின. 2012-இல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 300 குழந்தைகளுக்கு, உறங்குவதற்கு அரைமணி நேரம் முன்பு பத்துக் கிராம் தேனோ, தேன்போலவே தோன்றும் பேரீச்சம்பழப் பாகோ கொடுத்துப் பார்த்தார்கள். தேன் பெற்றவர்களே மிகுதியாகத் தேறினர். ஆகவே ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு, படுக்கப் போகுமுன் அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை தேனை அப்படியே கொடுக்கலாம்; வெதுவெதுப்பான நீரில், இரண்டு துளி எலுமிச்சைச் சாற்றோடு கலந்தும் கொடுக்கலாம். பின் வாய் கொப்பளிக்கச் செய்தால் பல்லுக்கு நன்று.

ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது. பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் இன்றும் சில இல்லங்களில் உள்ளது. தேனில் சில வேளைகளில் போட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது. பச்சிளங் குழந்தையின் குடலிலோ அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். குழந்தையின் தசைகள் தளர்ந்து, பால் குடிக்கவும், பிறகு மூச்சுவிடவும் இயலாமற் போகும். தேனைக் காய்ச்சினாலும் இவ்வித்துகள் சாவதில்லை. 'எங்கள் காலத்தில் எல்லாருக்கும் கொடுத்தோமே' என்று வாதிடும் பாட்டியிடம் பணிவோடு, ஆனால் உறுதியோடு மறுத்துவிடுங்கள்.

ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே மருந்து. மூக்கு அடைத்திருந்தால் ஒரே முறையில் நிறையக் குடிக்க இயலாது. எனவே சிறிது சிறிதாக, அடிக்கடி பாலூட்ட வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கு வெந்நீர், இளஞ்சூடான கஞ்சி, பனங்கற்கண்டு கலந்த பால், மிளகு குறைந்த ரசம் ஆகிய எதுவும் தொண்டைக்கு இதமே. ஒன்றிரண்டு துளசி இலை, சிறு துண்டு இஞ்சி போட்டுக் கொதிக்கவைத்த நீரையும் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்க்கு ஆறவைத்துத் தரலாம். நாக்கு எரியும்படி மிளகுக் கசாயம் காய்ச்சிக் குழந்தையின் மூக்கைப் பிடித்துப் புகட்டுவதை நாம் ஒப்புவதில்லை. ஆடாதோடை போன்ற வீரியமுள்ள மூலிகைகளை அளவறியாமல் கொடுப்பதும் கூடாது.

மூக்கடைப்பு நீங்கினால் இரவு இருமல் பாதி குறையும். கொதிக்கவைத்து ஆறிய நீர் ஒரு கோப்பையில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு மூன்று துளி விட்டுச் சற்று நேரங்கழித்து மெல்லிய துணியால் துடைத்தெடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கரைக்க வேண்டும். ஆனால் எண்ணெயை மூக்கில் விடுவது வேறு கதை. அது மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, அழற்சியை உண்டாக்கும். வளர்ந்த குழந்தைக்குத் தலையணையைச் சற்று உயர்த்தி வைக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலையணையின்றி, சமமான படுக்கையில், மல்லாந்த நிலையிலேயே படுக்கவைக்க வேண்டும்.

இனி, மருந்து எதுவும் வாங்காமலே செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்றைக் கூறுகிறோம். குழந்தை உறங்கும் அறையிலிருந்து புகையை விரட்டுங்கள். 2003-இல் சீனாவிலும் மலேசியாவிலும் விற்பனையான கொசுவர்த்திச் சுருள்களை ஆராய்ந்தவர்கள், ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவிற்கு ஒப்பானவை எனக் கண்டனர். நம் வீடுகளிலோ அது குழந்தையின் கால்மாட்டிலேயே, கதவை அடைத்த அறையில், விடியும்வரை புகைகிறது! இருமுகிறது என்று கசாயம் காய்ச்சுகிறோம். இருமவைக்கும் சுருளையும் நாமே கொளுத்துகிறோம். டிங்கிக் காய்ச்சல் உள்ள நாட்டில் கொசுவை விட்டுவைக்கச் சொல்வாரில்லை. அதற்கு வலை இருக்கிறது. குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இருமல் நாட்களில் நிறுத்திவைக்கலாம். தந்தையார் வாசலில் நின்று புகைத்தாலும், அதன் நஞ்சு சட்டையிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது.

தைலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துச் சூடாக்கி மார்பில் தடவுவது நம்மவர் வழக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கற்பூரமோ, கற்பூரம் சேர்ந்த தைலமோ தடவலாகாது. எந்த வயதிலும் மூக்கினுள் தடவக்கூடாது. கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரும். பூசைத் தட்டிலுள்ள கற்பூரத்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். போர்வைக்குள் கொதிநீர்ச் சட்டியை வைத்து ஆவி பிடிக்கச் செய்வதால் இருமலுக்குக் கிடைக்கும் பயன் சொற்பம். சட்டி சாய்ந்தால் வெந்த தொடையோ ஆயுளுக்கும் வடுவாகிவிடும்.

மருந்துப் புட்டிக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் நம்மிடம், "மூத்தவனுக்கு வாங்கிய சிரப்தான் சார், பாதி அளவாக்கிச் சின்னவளுக்குக் கொடுத்தேன், நன்றாகத் தூங்கினாள்" என்றார். அச்சிறுமி மறுநாள் நண்பகல்வரை எழவில்லை. அது உறக்கமன்று, மயக்கம். கடைகளில் விற்கும் இருமல், சளி மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்க வேண்டாம் என 2008-இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. 2009-இல் பிரிட்டன் ஆறு வயதுக்குட்பட்டோர்க்கே வேண்டாமென்றது. இம்மருந்துகளால் சிறு குழந்தைகளுக்கு நற்பயன் உண்டென்பதற்குச் சான்றில்லை, தீங்கிற்கோ சான்றுண்டு. 2022-இல் காம்பியாவிலும், அண்டை நாடான இந்தோனேசியாவிலும் டைஎத்திலீன் கிளைகால் முதலிய நச்சுப் பொருள்கள் கலந்த சிரப்புகளைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். ஆகவே மருத்துவர் அக்குழந்தைக்கென எழுதித் தராத எந்தப் புட்டியையும் திறக்காதீர்கள்.

எப்போது வீட்டு மருத்துவத்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? நம் பள்ளி மாணவி ஒருத்திக்குப் பத்து மாதத் தம்பி. மூன்றிரவு இருமிய குழந்தை நான்காம் இரவு இருமவில்லை. சுகமாகிவிட்டதென வீட்டார் மகிழ்ந்து விளக்கை அணைத்தனர். அருகே படுத்திருந்த அச்சிறுமிதான், "அம்மா, தம்பி வயிறு நாய்க்குட்டி மூச்சு வாங்குவதுபோல் ஏறி ஏறி இறங்குதும்மா" என்றாள். இருமவும் வலுவின்றிக் குழந்தை களைத்திருந்தது. 'விடியட்டும்' என்று இராமல், கிராணியாரின் வண்டியில் அந்நேரமே கொண்டு சென்றனர். நுரையீரல் அழற்சி. ஒரு வாரம் மருத்துவமனையிலிருந்து நலமாகத் திரும்பியது.

எனவே இருமலின் ஓசையைவிட மூச்சின் வேகத்தையே கவனிக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள கணக்கு எளியது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை ஒரு நிமிடத்தில் 60 முறையோ அதற்கு மேலோ, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ள குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ, ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது மிகுவேகம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழிவிழுதல், ஒவ்வொரு மூச்சிலும் முனகுதல், உதடு நீலம்பாரித்தல், பால் குடிக்க இயலாமை, எழுப்பியும் எழாமை, வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அக்கணமே புறப்பட வேண்டும். இரவில் வாகனம் கிடைக்காத தோட்டங்களில், யாருடைய வண்டியைக் கேட்பது என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்வது நன்று. 999 என்ற எண் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

வேறு சில இருமல்களும் உள. நிலக்கடலை தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரெனப் புரையேறி இருமி, பிறகு ஓயாமல் இருமினால் கடலை மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். தொடர்ந்து இருமி, கூவும் ஒலியோடு மூச்சிழுத்து வாந்தியெடுப்பது கக்குவான். இரண்டு வாரத்திற்கு மேல் இருமலும் எடை குறைவும் சேர்ந்தால், குறிப்பாக வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்தால், சோதனை அவசியம். மாதந்தோறும் இரவில் இருமலும் நெஞ்சில் விசில் ஒலியும் வந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கக்கூடும். "பம்பு பழகினால் விடாது" என்றெண்ணி ஊதுமருந்தை ஒளித்துவைக்கும் பெற்றோரை நாம் அறிவோம். விடாதது நோய்தான், மருந்தன்று.

மாணவர்களே, மூச்சை எண்ணும் பணியை நீங்களே செய்யலாம். பெரியவர்களைவிட உங்கள் கண்கள் கூர்மையானவை. தம்பியோ தங்கையோ அழாமலும் பால் குடிக்காமலும் அமைதியாக இருக்கும் நேரம் பாருங்கள். ஒருவர் நொடிமுள் உள்ள கடிகாரத்தைப் பார்க்க, மற்றவர் எண்ண வேண்டும். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்காமல், முழு நிமிடமும் எண்ணுங்கள். சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு எண்ண வேண்டும். போர்வையின்மேல் எண்ணினால் கணக்குப் பிழையாகும்.