மூங்கில் துணி வாங்கலாமா?



மூங்கில் நமக்குப் புதிய பொருள் அன்று. ஆற்றோரங்களிலும் தோட்டத்து எல்லைகளிலும் புதர் புதராக நிற்கிறது. கூடை முடைகிறோம், அவரைக்குப் பந்தல் போடுகிறோம். நோன்புப் பெருநாள் வந்தால் மலாய் அண்டை வீட்டார் மூங்கிற்குழாயில் லெமாங் சுடும் மணம் நமக்கும் வந்து சேரும். ஆனால், மூங்கிலில் சட்டையா? இப்போது கடைகளில் காலுறை, துண்டு, குழந்தைச் சட்டை எல்லாம் ‘மூங்கில் துணி’ என்று பருத்தியைவிடச் சில வெள்ளி கூட்டி விற்கப்படுகின்றன. அந்தக் கூடுதல் வெள்ளி தகுமா என்பதை இன்று ஆராய்வோம்.

மூங்கில் புல் இனத்தைச் சேர்ந்தது. சில வகைகள் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரைகூட வளர்வதுண்டு. 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டிய பின் அடிக்கிழங்கிலிருந்து மறுபடியும் குருத்து விடும். ரப்பர்க் கன்று நட்டு முதல் பால் காண 5, 6 ஆண்டுகள் காத்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். பூச்சி மருந்தும் பொதுவாக அதிகம் வேண்டாம். சரிவான நிலத்தில் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே செடியைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் புகழ் பெரும்பாலும் உண்மைதான்.

ஆனால், செடி வேறு, துணி வேறு. கெட்டியான மூங்கில் எப்படி மெல்லிய நூலாகிறது?

மூங்கிலை நசுக்கி, ஊறவைத்து, நாரைச் சீவி நூற்பது ஒரு வழி. அதற்குச் செலவு அதிகம், துணியும் சற்று முரடாக இருக்கும். கடைகளில் அது அரிது. நாம் காணும் பட்டுப்போன்ற துணி மற்றொரு வழியில் வருகிறது. மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடு என்னும் இரசாயனத்திலும் கரைத்துத் தேன் போன்ற பாகாக்குகிறார்கள். அந்தப் பாகை நுண்ணிய துளைகள் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையாக இறுகும். 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை இது. இப்படி வரும் துணிக்கு ரேயான், விஸ்கோஸ் என்று பெயர். மரக்கூழில் செய்தாலும் மூங்கிற்கூழில் செய்தாலும் கடைசியில் கிடைப்பது ஏறக்குறைய ஒரே இழைதான். ‘கிருமியைக் கொல்லும்’ என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். மூங்கிலில் அத்தகைய தன்மை இருந்தாலும், இத்தனை இரசாயனத்தைக் கடந்து அது துணிக்கு வந்து சேர்வதில்லை. ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக அமெரிக்காவில் இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் 2022-இல் 55 இலட்சம் டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். கார்பன் டைசல்பைடு ஆவியை நெடுநாள் சுவாசித்தால் நரம்பும் இருதயமும் கெடும், புத்தியும் தடுமாறும். தென்கொரியாவில் 1993-இல் மூடப்பட்ட ஒரு ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். பாராகுவாட் களைக்கொல்லியை முதுகில் சுமந்து தெளித்த நம் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. அந்த மருந்து நம் நாட்டில் 2020-இல்தான் தடைசெய்யப்பட்டது.

லயோசெல் என்ற முறையில் கார்பன் டைசல்பைடு கிடையாது. கரைக்கும் திரவத்தையும் 99 விழுக்காட்டுக்குக் குறையாமல் மீட்டு மறுபடி பயன்படுத்துகிறார்கள். எனவே வாங்குமுன் சட்டையின் உள்பக்கச் சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். லயோசெல் என்றிருந்தால் சற்றுக் கூடக் கொடுக்கலாம். விஸ்கோஸ், ரேயான் என்றிருந்தால் ரேயான் விலைக்கு மேல் கொடுக்கவேண்டாம்.

ரேயான் கெட்ட துணி என்று நாம் சொல்லவில்லை. பாலியஸ்டரைவிட, ஏன், பருத்தியையும்விட அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும்; நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உள்ளாடையாகவும் குழந்தைச் சட்டையாகவும் சுகமானது. வெளிக்காட்டு வேலைக்கு மட்டும் தடித்த பருத்தியே நல்லது. ரேயான் நனைந்தால் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். ஆதலால் அதைக் கல்லில் அடிக்காமல், முறுக்கிப் பிழியாமல், சவர்க்கார நீரில் அலசி நிழலில் விரித்துக் காயப்போடுங்கள்.