ஓர்க்கிட் செடிக்கு ஏற்ற வளர்ப்பூடகம்

மலர் விரும்புவோர் உள்ளத்தைக் கவர்ந்த செடியினங்களுள் ஓர்க்கிட் தனிச்சிறப்பு வாய்ந்தது. ஒருமுறை மலர்ந்தால் கிழமைக்கணக்காக வாடாது நிற்கும் இயல்பும், நிறத்திலும் வடிவிலும் எல்லையற்ற வேறுபாடும் அதற்கு உண்டு. உலகில் 25,000 இற்கு மேற்பட்ட ஓர்க்கிட் இனங்கள் உள. நமது ஈழத்திலேயே ஏறக்குறைய 190 இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பழைய மாணவர் சிலர் வீட்டு விறாந்தையில் இச்செடிகளைத் தூக்கி வளர்த்து மகிழ்கின்றனர். ஆயினும், பணங்கொடுத்து வாங்கிய செடி இரண்டு மாரிகாலங் காணுமுன் அழிந்துபோவதைக் கண்டு மனஞ்சோர்ந்து, நமது மண்ணுக்கு ஒவ்வாத செடி இதுவெனக் கைவிட்டோரும் பலர். உண்மை யாதெனின், ஓர்க்கிட்டுகளுட் பெரும்பாலானவை எந்த மண்ணுக்கும் உரியனவல்ல. அவற்றை எதில் நடுகின்றோம் என்பதே அவற்றின் வாழ்வையும் அழிவையும் தீர்மானிக்கின்றது. அவ்வாறு நடுதற்குரிய ஊடகத்தைத் தெரிந்தெடுக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர்க்கிட் இனங்களுள் ஏறக்குறையப் பத்தில் ஏழு பங்கு மரக்கிளைகளிலும் பட்டைகளிலும் பற்றி வாழ்வன. இவற்றைத் தாவரவியலார் மேலொட்டிகள் என்பர். குருவிச்சையைப் போல இவை தாம் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மரம் இவற்றுக்கு இருக்கை மாத்திரமே. மழைநீர், பனி, பட்டையிடுக்கில் தங்கிய சருகு தரும் சிறு சத்து ஆகியவற்றைக் கொண்டே இவை உயிர்வாழ்கின்றன. இவ்வாழ்க்கைக்கேற்ப இவற்றின் வேரும் அமைந்துள்ளது. உயிரற்ற வெற்றுக் கலங்களாலான பஞ்சு போன்ற உறையொன்று வேரைச் சூழ்ந்திருக்கும். இவ்வுறைக்கு வெலமன் என்பது பெயர். உலர்ந்த நிலையில் இது வெள்ளி நிறமாகத் தோன்றும். நனைந்ததும் உள்ளேயிருக்கும் பச்சையம் வெளித்தெரிய, வேர் பச்சை நிறமடையும். மழைத்துளி பட்ட சிறிது நேரத்துள் நீரை ஈர்த்துக்கொண்டு, பின்னர் அதனை ஆறுதலாக உள்ளே செலுத்துவது இவ்வுறையின் தொழில். ஆகவே, நனைதலும் பின் காற்றில் உலர்தலும் மாறிமாறி நிகழ்வதையே இவ்வேர் வேண்டிநிற்கின்றது.

வேரும் சுவாசிக்கின்றது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். ஒட்சிசன் நீரினூடாகப் பரவும் வேகம், அது காற்றினூடாகப் பரவும் வேகத்தின் ஏறக்குறையப் பத்தாயிரத்தில் ஒரு பங்கேயாகும். தோட்டத்து மண்ணிலுள்ள நுண்ணிய துணிக்கைகளுக்கிடையே மயிர்த்துளை விசையினால் நீர் பிடித்துவைக்கப்படுகின்றது. அந்நீர் காற்றுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்ள, ஓர்க்கிட்டின் வேர் மூச்சடைத்து இறக்கின்றது. இறந்த வேரில் பங்கசு பற்றி அழுகலைப் பரப்புகின்றது. இதன்பின் நிகழ்வதே மிகவும் பரிதாபத்துக்குரியது. வேரிழந்த செடி நீரை உறிஞ்ச முடியாமையால் அதன் இலை சுருங்குகின்றது. வளர்ப்பவர் அதனைத் தாகமெனக் கருதி மேலும் நீர் வார்க்கின்றார். நோய்க்குக் காரணமானதே மருந்தாகவும் கொடுக்கப்படுகின்றது. நம்மூரில் ஓர்க்கிட்டுகள் நீரின்றி இறப்பதிலும் நீரினால் இறப்பதே அதிகம் எனலாம்.

இவ்வுண்மையை ஐரோப்பியர் அறிந்துகொள்வதற்குப் பல்லாண்டுகள் சென்றன. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அயனமண்டலக் காடுகளிலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றப்பட்ட செடிகள் மண்ணிலும் மரத்தூளிலும் புதைக்கப்பட்டு, காற்றோட்டமற்ற வெப்பக் கண்ணாடி மனைகளில் அடைக்கப்பட்டன. அவை ஆயிரக்கணக்கில் மாண்டன. அந்நாடு ஓர்க்கிட்டுகளின் இடுகாடு என்று பேசப்படும் நிலை உண்டாயிற்று. சேர் ஜோசப் பாங்ஸ் என்பார் பாசியிட்ட பிரப்பங்கூடைகளில் அவற்றை வளர்த்துப் பார்த்தார். 1830 களில் சற்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜோசப் பக்ஸ்ரன், மனைகளின் வெப்பத்தைக் குறைத்துக் காற்றோட்டத்தை உண்டாக்கி வெற்றி கண்டார். அதன்பின் ஒசுமண்டா என்னும் பன்னத்தின் வேர்த்திரள் மேனாடுகளிற் பெருவழக்காயிற்று. அது அரிதாகி விலையேறவே, 1950 களில் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மரவாலைகளில் கழிவாகக் கிடந்த ஊசியிலை மரப்பட்டை அதன் இடத்தைப் பிடித்தது. நியூசிலாந்தில் சதுப்பு நிலத்துப் பாசியாகிய ஸ்பக்னமும், சிங்கப்பூரில் கரியும் செங்கற்றுண்டும் கைகொடுத்தன. இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்று: ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் கைக்கெட்டிய பொருளையே எடுத்துக்கொண்டனர். பொருள் வேறுபட்டது, வேருக்குக் காற்றளித்தல் என்னும் தத்துவம் வேறுபடவில்லை.

எனவே ஊடகமொன்றைத் தெரிவுசெய்யுமிடத்து நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். வார்த்த நீர் உடனே வடிந்து, துண்டுகளுக்கிடையே காற்று நிற்குமா? அடுத்த முறை நீர் வார்க்கும்வரை வேண்டிய ஈரம் தங்குமா? இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உக்காது உறுதியாயிருக்குமா? உப்பு, சுண்ணாம்பு முதலியன அதிற் கலந்திருக்கின்றனவா? ஊடகம் செடிக்கு உணவளிக்குமா என்னும் வினாவுக்கு இங்கு இடமில்லை. உணவைக் கரைசலாக்கிய பசளையாக, மிக ஐதாக, நாமே கொடுத்தல் வேண்டும். ஊடகம் உணவளிக்கத் தொடங்குகின்றதென்றால் அது உக்கத் தொடங்கிவிட்டது என்பதே பொருள். உக்குங்கால் அது நுண்துகளாகி, நாம் தவிர்க்க எண்ணிய மண்ணின் நிலையையே அடையும்.

இனி, நமது நாட்டில் எளிதிற் கிடைக்கும் பொருள்களை ஆராய்வோம். முதலாவது விறகுக்கரி. அது உக்குவதில்லை, பல்லாண்டு நிலைத்திருக்கும், பாரமுமற்றது. வன்மரத்துக் கரியை ஓரங்குலத் துண்டுகளாக உடைத்து, தூளை அரித்தகற்றி, சாம்பல் நீங்கும்வரை கழுவுதல் வேண்டும். சாம்பல் காரத்தன்மை உடையது. கரி நாளடைவில் பசளையின் உப்பைத் தன்னுட் சேர்த்துக்கொள்ளுமாதலின், மாதமொருமுறை வெறும் நீரால் நன்கு அலசிவிடுதல் நலம். இரண்டாவது, உடைந்த ஓடும் செங்கல்லும். இவை சிறிது ஈரத்தை உறிஞ்சிவைத்து மெல்ல விடுவன. சாடி காற்றிற் சாயாதிருக்கப் பாரமும் தருவன. சீமெந்து, சுண்ணச்சாந்து ஒட்டிய துண்டுகளைத் தவிர்த்தல் வேண்டும்.

மூன்றாவது தேங்காயின் பொச்சுமட்டை. இது ஈரத்தை நன்கு பிடித்துவைக்கும். ஆயின் உப்பும் துவர்ப்புச் சாயமும் இதில் இயல்பாகவே உண்டு. ஆதலின் அங்குலத் துண்டுகளாக வெட்டிச் சில நாட்கள் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றி, நீர் தெளிவாக வடியும்வரை அலசியபின்னரே பயன்படுத்துதல் வேண்டும். கடனீரேரியில் ஊறிய மட்டையாயின் பன்மடங்கு எச்சரிக்கை தேவை. மட்டைத் துண்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் உக்கிவிடும். தும்புச்சோறு மேலொட்டி இனங்களுக்குத் தனியே பயன்படாது. அது மண்ணைப் போலவே நீரை அடக்கிக் காற்றை அடைத்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் முற்றத்திலேயே கிடைக்கின்றதென்று முருகைக்கல்லைச் சாடியில் இடுவோரும் உளர். ஓர்க்கிட்டுகளிற் பெரும்பாலானவை சிறிது அமிலத்தன்மையையே விரும்புவன. சுண்ணாம்புப் பாறையில் வளரும் பபியோபெடிலம் இனங்கள் சில இதற்கு விலக்கு. ஏனையவற்றுக்கு முருகைக்கல் ஆகாது.

மரப்பன்னத்தின் நாரைப் பழைய நூல்கள் பெரிதும் புகழும். அது நல்ல ஊடகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மரப்பன்னம் மிக மெதுவாக வளர்வது. 1973 ஆம் ஆண்டில் வரையப்பெற்ற அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் கீழ் அதன் வாணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மலைநாட்டு ஓடையோரத்தில் நிற்கும் மரமொன்றை வெட்டி, விறாந்தையிற் பூவொன்றை வளர்த்தல் முறையாகாது. கரியும் ஓடும் மட்டையும் வாசலிற் கிடக்க அதற்குத் தேவையுமில்லை.

எச்செடிக்கு எவ்வூடகம் என்பதை அதன் வேரும் தண்டுமே கூறும். வண்டாவின் வேர் கயிறு போற் பருத்து வெளியே தொங்குவது. மரச்சட்டக் கூடையிற் பெருங்கரித்துண்டு இரண்டொன்றை இட்டுத் தூக்குவதே போதும், ஊடகமின்றியே தூக்கினும் நன்று. டென்றோபியமும் கட்லியாவும் தண்டில் நீரைச் சேமித்துவைப்பன. அவற்றுக்குக் கரியும் ஓட்டுத்துண்டும் நிரப்பிய சிறிய சாடி ஏற்றது. பலெனொப்சிஸ் அத்தகைய சேமிப்பற்றது. அது முற்றாக உலர்தலாகாது. எனவே கரியோடு மட்டைத் துண்டைச் சரிபாதி சேர்க்கலாம். ஸ்பதோகுளொற்றிஸ் போன்ற நிலத்து ஓர்க்கிட்டுகள் மாத்திரமே மண்ணை ஏற்பன. அவற்றுக்கும் மணலும் உக்கிய இலையும் கலந்த, நீர் வடியும் மண்ணே வேண்டும்.

செடியைப் போலவே இடமும் கவனிக்கத்தக்கது. நமது நாட்டின் இயற்கையே இதற்குச் சான்று. வெசாக் மலர் எனப்படும் டென்றோபியம் மக்கார்த்தியே ஈரவலயத் தாழ்நிலக் காடுகளில் வாழ்வது. வண்டா தெசலாற்றா வறண்ட வலயத்து மரங்களில் கோடையைத் தாங்கி நிற்பது. நுவரெலியாவின் குளிரில் இரண்டு கிழமை ஈரமாயிருக்கும் சாடி, யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றில் ஒரு பொழுதில் உலர்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலேயே, ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மாரியிற் சாடிகள் நாட்கணக்காக ஈரத்தில் நிற்கும்; வைகாசிக்குப் பின் சோளகம் வீசுங்கால் அதே சாடிகள் வரண்டுபோகும். ஒரே ஊடகம் இவ்விரு பருவங்களுக்கும் எவ்வாறு பொருந்தும்?

இவ்விடத்திற் பின்பற்றத்தக்க விதி ஒன்றுண்டு: மாரியைக் கருதி ஊடகத்தைத் தெரிந்தெடுத்து, கோடையை நீர் வார்ப்பினாற் சமாளித்தல் வேண்டும். ஊடகம் விரைவில் உலருமாயின் இன்னுமொரு முறை நீர் வார்க்கலாம். மேற்பரப்பிற் சிறிது மட்டைத்துண்டு இடலாம். ஆனால், ஈரத்தை விடாது பிடித்துவைக்கும் ஊடகத்திலிருந்து வார்த்த நீரை மீட்டெடுக்க எவராலும் இயலாது. ஐயமுள்ளவிடத்துக் காற்றுமிக்க ஊடகத்தின் பக்கமே சார்தல் அறிவுடைமை. காலையும் மாலையும் செடியைக் கவனிக்க இயலாதவர் மட்டையைச் சிறிது கூட்டலாம். அடிக்கடி நீர் வார்க்கும் கையுடையவர் கரியோடு நின்றுவிடுதல் நலம். மாரியில் சாடிகளைத் தாழ்வாரத்தின் கீழ் மாற்றித் தூக்குதலும் நன்று.

நீரின் தன்மையையும் மறத்தலாகாது. சுண்ணாம்புப் பாறையினூடாக ஊறிவரும் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் வன்னீர். அதனை நெடுங்காலம் வார்த்தால் கரியிலும் சாடியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு தோன்றும், வேர்நுனி கருகும். மழைநீரைத் தொட்டியிற் சேர்த்து வார்த்தலே சிறந்தது. அதற்கு வசதியற்றோர் இயன்றபோதெல்லாம் மழைநீரால் ஊடகத்தை அலசிவிடுதல் வேண்டும்.

சாடி மாற்றுதற்குரிய காலம், ஊடகம் உக்கித் துகளாகும்போது அல்லது செடி சாடியை மீறி வளரும்போது ஆகும். புதிய வேர்நுனி பச்சையாகத் தலைகாட்டும் வேளையில் இதனைச் செய்தல் உத்தமம். தீயிற் காட்டிய கத்தியால், அழுத்தினாற் குழையும் பழுத்த வேர்களை வெட்டியகற்றுக. வேர்த்திரள் கொள்ளுமளவான சாடியைத் தேர்க. பெரிய சாடியின் நடுப்பகுதி நெடுநேரம் உலராது. பெருந்துண்டு கீழும் சிறுதுண்டு மேலுமாக இட்டு, தண்டின் அடிப்பாகம் புதையாதவாறு அமைத்து, ஒரு தடியோடு செடியை அசையாது கட்டுக. அசையும் செடியின் இளவேர் உராய்ந்து நுனி கெடும். சில கிழமைகள் நிழலில் வைத்தல் போதும். செடி தானே பற்றிக்கொள்ளும்.

நூல்களிற் காணும் கலவைக் கணக்குகள் யாவும் அவ்வந்நாட்டுக் காற்றுக்கும் நீருக்கும் வகுக்கப்பட்டவை. அவற்றை மனனஞ்செய்வதிலும், அவற்றின் பின்னுள்ள காரணத்தை அறிந்து நமது முற்றத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே கற்றவர்க்கு அழகு. பேராதனைப் பூந்தோட்டத்துக்குச் சுற்றுலாச் செல்லும் மாணவர்கள் அங்குள்ள ஓர்க்கிட் மனையில் மலரைக் கண்டு வியந்தபின், குனிந்து வேரையும் ஒரு கணம் நோக்குவாராக. வெண்மையாயும் பருமனாயும் நுனி பசுமையாயும் உள்ள வேரைக் கண்டால், அச்செடிக்கு ஏற்ற ஊடகம் கிடைத்துவிட்டதெனத் துணிந்து கூறலாம்.