பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் போகும் கடிதம்

ஈப்போவில் தைப்பூசக் காவடிகள் புந்தோங்கிலிருந்து புறப்பட்டு வந்து சேருமிடம் குனோங் சீரோ அடிவாரத்துக் கல்லுமலைக் கோயில். 1973 அக்டோபர் 18 அன்று அந்த மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து, கீழேயிருந்த குடியிருப்பின்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் மாண்டார்கள். சுண்ணாம்புக்கல்லை மழைநீர் கரைக்கும். விரிசல் வழியே இறங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். கிந்தா பள்ளத்தாக்கு நெடுக நிற்பவை இப்படிப்பட்ட மலைகள்தான். அவற்றின் அடிவாரத்தில் எதைக் கட்டலாம், எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்று அனுமதி தருவது உள்ளூர் மன்றம்.

அந்த மன்றத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? 1960களின் தொடக்கத்தில் ஈப்போ நகரசபை, சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சியின் கையில் இருந்தது. உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள். 1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தல் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலையே ஒழித்தது. இன்று டத்தோ பண்டாரையும் 8 முதல் 24 வரையிலான உறுப்பினர்களையும் மாநில அரசே நியமிக்கிறது.

ஓட்டு போனபின் மிஞ்சியது ஆட்சேபிக்கும் உரிமை. அதே 1976இல் வந்த நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எங்கே எதைக் கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் கட்டுமான மனு வந்தால் பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம்.

உரிமையாளர்களுக்கு! தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர் பெயரில் கிராண்ட் கிடையாது. பக்கத்து நிலம் கம்பெனிக்குச் சொந்தமென்றால் கடிதமும் கம்பெனிக்குத்தான் போகும். ரப்பர் மரங்களை வெட்டித் தாமான் கட்டப் போகிறார்கள் என்பது, லயத்துக்குப் பின்னால் சிவப்புச் சாயம் பூசிய முளைகள் அடிக்கப்படும்போதுதான் இவர்களுக்குத் தெரியவரும். மேட்டை வெட்டினால் வெள்ளம் எந்தப் பக்கம் திரும்பும், லாரிகள் போகும் வழியில் பிள்ளைகள் எப்படிப் பள்ளிக்குப் போவார்கள் என்பதெல்லாம் அங்கே குடியிருப்பவருக்குத் தெரிந்த அளவு, கோலாலம்பூரில் இருக்கும் நில உரிமையாளருக்குத் தெரியாது.

மேம்பாடே வேண்டாம் என்பதல்ல பேச்சு. தோட்ட வேலை போன குடும்பங்களுக்கு வீடும் வேலையும் வேண்டும். ஆனால் ஆபத்து யார் தலைமேலோ, அவரைக் கேட்காமல் முடிவெடுப்பது பாதுகாப்பு ஆகாது.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பார்வைக்கு வைக்கும்போது யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். குறைந்தது நான்கு வாரம் அவகாசம் உண்டு. தனியாகத் தீர்மானம் போட்டு மூடினாலொழிய மன்றத்தின் கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவையே. மன்றமும் ஒன்று செய்யலாம்: நில உரிமையாளருக்குப் போகும் அதே கடிதத்தின் நகலைத் தமிழில் லயத்துக் கோயில் சுவரிலும் ஒட்டலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.