ஆட்டுக்கு எவ்வளவு தீனி?

வீட்டில் கல்யாணம். பந்தி முடிந்தது. சோறு மிஞ்சிவிட்டது. "வீணாகப் போவானேன்? ஆட்டுக்கு வைப்போம்" என்று ஒரு கூடைச் சோற்றைக் கொட்டுகிறோம். ஆடும் ஆசையாகத் தின்கிறது. மறுநாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறது. அசை போடவில்லை. பல்லைக் கடிக்கிறது. பல ஆயிரம் ரூபாய் பெறும் ஆடு, ஒரு கூடைச் சோற்றால் செத்துப் போகிறது.

ஏன் இப்படி ஆகிறது?

ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறைதான் பெரியது. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஆடு தின்னும் தழையை அவைதான் மெல்ல மெல்லப் புளிக்க வைத்துச் செரிக்கச் செய்கின்றன. சோறோ, அரிசியோ, சோளமோ திடீரென்று நிறையப் போனால் அது மிக வேகமாகப் புளிக்கிறது. வயிற்றில் அமிலம் பெருகுகிறது. நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. அதனால் தானியத் தீனியைப் புதிதாகத் தொடங்கும்போது ஒரு கைப்பிடியில் தொடங்குங்கள். பத்து நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

சரி, அளவு என்ன? 25 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தழை வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் ஆடு பெரும்பகுதியை அங்கேயே தேடிக்கொள்ளும். மாலையில் மீதியைப் போட்டால் போதும். கட்டி வளர்க்கும் ஆட்டுக்கு ஒரே தடவையில் போடாமல், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். தழையைத் தரையில் போடாதீர்கள். மிதிபட்ட தழையை ஆடு தொடாது. கட்டாகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

அகத்தி, வேம்பு, ஆல், கல்யாண முருங்கை எல்லாம் நல்ல தழைகள். ஆடு தொடாத இலை என்பதால்தான் ஆடாதொடைக்கு அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மற்ற எதையும் அது சும்மா விடாது! சவுண்டல் தழையும் சத்தானதுதான். ஆனால் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பூக்காத இளஞ்சோளப் பயிரில் ஆட்டை விடக்கூடாது. மழையில்லாமல் வாடிய சோளமும், வெட்டிய தாளில் மறுபடி துளிர்த்த சோளமும் இன்னும் மோசம். அதில் உள்ள நஞ்சு சிறிது நேரத்திலேயே ஆட்டைக் கொன்றுவிடும்.

சினை ஆட்டுக்குக் கடைசி இரண்டு மாதங்களில் தழையோடு 200 கிராம் அடர்தீனி கொடுக்கலாம். தவிடு, பிண்ணாக்கு, உடைத்த சோளம் கலந்தால் அதுவே அடர்தீனி. குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். "சீம்பால் ஆகாது" என்று கறந்து கொட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. நோயைத் தடுக்கும் சக்தி முழுவதையும் கொட்டிவிடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. தாயை இழந்த குட்டி 2 கிலோ இருந்தால், நாளைக்கு 200 மில்லி பாலை நான்கு வேளையாகக் கொடுங்கள்.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

வயிறு உப்பிய ஆட்டின் வாயில் எதையும் அவசரமாக ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் மருத்துவ வண்டி வீட்டுக்கே வரும்.